விரல் மட்டும் அசையட்டும்: ஏர் பிஸ்டலில் பிடியும் ட்ரிகர் விரலும்

பத்து மீட்டர் ஏர் பிஸ்டலின் இலக்கு அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட் என்னும் சிறு ஈயக் குண்டின் விட்டம் 4.5 மி.மீ. ஓட்டையின் ஓரம் வளையக் கோட்டைத் தொட்டாலே பத்து உண்டு. ஆகவே ஓட்டையின் மையம் அட்டையின் நடுவிலிருந்து 8 மி.மீ. வரை தள்ளிப் போகலாம்.

இந்த 8 மி.மீட்டரை இரண்டு வழியில் செலவழிக்கலாம். கையும் பிஸ்டலும் சேர்ந்து, சைட் வரிசை (குறிபார்க்கும் முன், பின் துண்டுகள் ஒரே கோட்டில் நிற்பது) குலையாமல், பக்கவாட்டில் 8 மி.மீ. நகர்ந்தால் ஓட்டையும் 8 மி.மீ. நகரும், பத்து கைவிட்டுப் போகாது. மணிக்கட்டு லேசாகத் திரும்பினால் கதை வேறு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 330 மி.மீ. தூரம் உள்ள பிஸ்டலில், முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்குள் 0.1 மி.மீ. ஒதுங்கினாலே அட்டையில் 3 மி.மீ. விலகும். கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஒதுங்கினால் பத்து போய்விடும். கை ஆடுவதைக் கண்டு எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் புள்ளிகளைத் தின்பது பெரும்பாலும் அந்த ஆட்டம் இல்லை, ட்ரிகர் விரல் அசையும்போது கூடவே அசைந்துவிடும் மற்ற விரல்கள்தான்.

பிடி, விரல் வைக்கும் இடம், ட்ரிகர் திருகுகள், அழுத்தும் முறை ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே நோக்கம்தான். ஆள்காட்டி விரல் தனியாக அசைய வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் இந்த அளவுகோலால் சரிபாருங்கள். வலது கைக்காரருக்காக எழுதியிருக்கிறோம். இடது கைக்காரர் இடம் வலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

தென்னாப்பிரிக்காவில் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைத் துப்பாக்கியாகக் கணக்கிடுவதில்லை. தோட்டா போட்டுச் சுடும் பாயின்ட் டூ டூ (.22) பிஸ்டலுக்குப் போனால் தகுதிச் சான்றிதழும் உரிமமும் இரும்புப் பெட்டியும் வேண்டும். ஆனால் அதே சட்டத்தின்படி, ஏர் பிஸ்டலாக இருந்தாலும், அதில் பெல்லட் இல்லாவிட்டாலும், காரணமில்லாமல் இன்னொருவரை நோக்கி நீட்டுவது குற்றம். சாட்ஸ்வர்த்திலோ லெனேசியாவிலோ வீட்டு நடைவழியில் பழகுபவர்களுக்கு இது முக்கியம். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாத திசையைத் தேர்ந்தெடுங்கள், நடைவழிக் கதவைத் தாழிடுங்கள். பெல்லட் டப்பாவைப் பழகும் அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

பிஸ்டல் அட்டையை நோக்கி உயரும்வரை ஆள்காட்டி விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே, பிஸ்டல் உடலின் பக்கவாட்டில் நீட்டி இருக்கட்டும். இது பாதுகாப்பு விதி. நல்ல பிடிக்கும் இதுவே முதல் படி. விரல் வெளியே இருக்கும்போது உள்ளங்கை தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும். விரலை முதலில் ட்ரிகரில் வைத்துவிட்டுப் பிறகு கையை ஒட்டவைப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் பிடி வேறாக அமையும்.

பிஸ்டலைக் கையில் அமர்த்துவது

பிஸ்டலை வலது கையால் மேசையிலிருந்து அள்ளி எடுக்காதீர்கள். இடது கையால் குழலின் அடியைப் பிடித்து, வாய் அட்டைப் பக்கம் இருக்க, வலது கைக்குள் பிஸ்டலைச் செலுத்துங்கள். வரிசை இதுதான்:

1. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான கவட்டையைப் பிடியின் பின்புற வளைவுக்குள், முடிந்தவரை மேலே ஏற்றுங்கள். குழலுக்கு எவ்வளவு அருகில் கை இருக்கிறதோ, அந்த அளவுக்குச் சுடும்போது வாய் எகிறுவது குறையும்.

2. மேலிருந்து பார்த்தால் குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். குழல் கட்டைவிரல் பக்கம் சாய்ந்திருந்தால் பிஸ்டலை விட்டுவிட்டு மறுபடி அமர்த்துங்கள். மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்யக் கூடாது. வளைந்த மணிக்கட்டு பத்தாவது குண்டில் களைத்துத் தன் பழைய கோணத்துக்குத் திரும்பிவிடும்.

3. நடுவிரலையும் மோதிர விரலையும் பிடியைச் சுற்றி மடக்குங்கள். நடுவிரல் ட்ரிகர் வளையத்தின் அடியோடு ஒட்டி இருக்கட்டும்.

4. சுண்டுவிரலைச் சும்மா சுற்றிவையுங்கள். கட்டைவிரல் தன் தாங்கியில் படுத்திருக்கட்டும்.

5. இடது கையை எடுத்துவிட்டு, பிஸ்டலை மேசைக்குச் சற்று மேலே நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிடி எப்படி இருக்கிறது என்று உணருங்கள். எங்காவது உறுத்தினால் இப்போதே மாற்றுங்கள். உயர்த்திய பிறகு மாற்றினால் அந்தக் குண்டு கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொடரின் நடுவில் பிஸ்டலை மேசையில் வைத்து எடுக்கும்போதெல்லாம் இந்த ஐந்தும் அதே வரிசையில் நடக்க வேண்டும். 60 குண்டுக்கு 1 மணி 15 நிமிடம் இருக்கிறது, அவசரமே இல்லை.

எவ்வளவு இறுக்கம்

பதிலை உங்கள் கையிடமே கேட்கலாம். முன் சைட் படபடவென்று நடுங்கத் தொடங்கும்வரை பிடியை மெல்ல இறுக்குங்கள். பிறகு நடுக்கம் நிற்கும்வரை தளர்த்துங்கள். நடுக்கம் நின்ற இடத்திலிருந்து இன்னும் ஒரு இழை தளர்த்தினால் அதுதான் உங்கள் அளவு. பழகிய ஒருவரின் கையைக் குலுக்கும்போது தரும் அழுத்தத்தைப் போல இருக்கும்.

அளவைவிட முக்கியம், அது மாறாமல் இருப்பது. விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் அண்டை வீடுகள் போல அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு விரலை மடக்கினால் பக்கத்து விரல்களும் கொஞ்சம் மடங்கப் பார்க்கும். தளர்ந்த கையில் இந்தத் தொற்று அதிகம். ஏற்கெனவே நிலையாக அழுத்திக்கொண்டிருக்கும் கையில் குறைவு. அதனால்தான் கையைப் பஞ்சு மாதிரி தளர்த்திப் பிடிக்கச் சொல்லும் அறிவுரையை நாங்கள் ஏற்பதில்லை. மென்மையாகப் பிடித்த கை, ட்ரிகர் உடையும் நொடியில், அதாவது எதிர்ப்பு விட்டுக் குண்டு போகும் நொடியில், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல மொத்தமாக இறுகும். பத்து குண்டில் ஏழு குண்டு இடது கீழ் மூலையில் குவியும் அட்டைகளில் பலவற்றுக்கு இந்த எலுமிச்சைப் பிடிதான் காரணம்.

அழுத்தத்தின் திசையும் முக்கியம். நடுவிரலும் மோதிர விரலும் பிடியின் முன்புறத்தை நேராகப் பின்னால், உள்ளங்கையை நோக்கித் தள்ள வேண்டும். பக்கவாட்டில் கிள்ளக் கூடாது. விரல் நுனிகள் பிடியின் இடதுபுறத்தில் அழுந்தி நகம் வெளுத்தால் நீங்கள் கிள்ளுகிறீர்கள். பிடி உங்கள் கைக்குச் சின்னது என்பதற்கும் அது அடையாளம்.

சுண்டுவிரல் இறுகினால் பிஸ்டலின் வாய் கீழே இறங்கும். கட்டைவிரல் இறுகினால் வாய் வலப்பக்கம் போகும். இந்த இரண்டு விரலுக்கும் வேலை கொடுக்காதீர்கள்.

பிடிக்கட்டையைக் கைக்குப் பொருத்துவது

கடையில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவில் கிடைக்கும் மரப்பிடி எந்தக் கைக்கும் அப்படியே பொருந்தாது. எங்கே தொடுகிறது, எங்கே இடைவெளி என்று பார்க்க எளிய வழி: உள்ளங்கையில் முகப் பவுடர் தடவி, முறைப்படி பிஸ்டலை அமர்த்தி, பத்து விநாடி நீட்டிப் பிடித்து, விட்டுவிடுங்கள். கருத்த மரத்தில் வெள்ளை படிந்த இடமெல்லாம் தொடும் இடம். உள்ளங்கையின் நடுக்குழியில் வெள்ளை படியாமல் இருப்பது சரி. கட்டைவிரல் அடிமேட்டிலும் சுண்டுவிரல் பக்கத்து மேட்டிலும் படிந்திருக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் அடிக்கணு பக்கம் வெள்ளை இருந்தால் அந்த இடத்தைச் செதுக்கியாக வேண்டும். காரணம் அடுத்த பகுதியில்.

செதுக்க 80ஆம் எண் உப்புத்தாள், மெருகுக்கு 180. ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். எடுத்த பிறகு ஒரு வாரம் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அரை மில்லிமீட்டர். இடைவெளியை நிரப்ப, இரண்டு பசையைக் கலந்து இறுகும் மர மாவு போதும். கையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, மாவு இளகி இருக்கும்போதே பிடித்து அச்சு எடுங்கள். ஓர் இரவு காய விடுங்கள்.

கையின் அடிப்பக்கம் அமரும் தாங்கிப் பலகையைக் கையை நசுக்கும் அளவுக்கு ஏற்றுபவர்கள் நிறைய. பிஸ்டல் கையோடு ஒட்டிக்கொண்டதுபோல நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இருபது குண்டு கடந்ததும் இரத்த ஓட்டம் குறைந்து விரல் நுனி மரத்துப்போகும். தாங்கியை இறுக்கிவிட்டு ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் உரசிக்கொண்டு நுழைந்தால் அளவு சரி. நுழையவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம். போட்டி விதியையும் மனதில் வையுங்கள்: தாங்கி மேல்நோக்கி வளைந்திருக்கக் கூடாது, பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது, மணிக்கட்டுக்கு எந்த ஆதாரமும் கூடாது.

கோணத்தைச் சரிபார்க்கக் கண்ணை மூடி உயர்த்திப் பாருங்கள். கண்ணைத் திறக்கும்போது முன் சைட் பள்ளத்துக்குள் முழுகிக் கிடந்தால் பிடியின் சாய்வு சரியில்லை. கோணத் திருகைச் சிறிது திருப்பி மறுபடி பாருங்கள். முன் சைட் இடமோ வலமோ ஒதுங்கி இருந்தால் பிடியைச் சுழற்றும் திருகுதான் மருந்து. சைட் வரிசை சரியாக இருந்து, பிஸ்டல் மொத்தமாக அட்டையின் பக்கத்தில் நின்றால் பிடியைத் தொடாதீர்கள். பின்னங்காலை ஓர் அங்குலம் நகர்த்துங்கள்.

விரல் எங்கே

ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கும் நுனிக்கும் நடுவே, சதைப் பகுதியின் மையத்தில் ட்ரிகர் பட வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். தொடங்க நல்ல இடம், அதற்கு மேல் அதை வேதமாக்க வேண்டாம். எந்த இடத்தில் வைத்தால் விரல் ட்ரிகரை நேராகப் பின்னால், குழலின் கோட்டிலேயே தள்ளுகிறதோ அதுதான் உங்கள் இடம். நீண்ட விரலுக்கும் குட்டை விரலுக்கும் அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறும்.

நுனிக்கு மிக அருகில் வைத்தால் விரல் ட்ரிகரைப் பின்னால் மட்டும் தள்ளாது, இடப்பக்கமும் சேர்த்துத் தள்ளும். குண்டு இடது. முதல் கணுவின் மடிப்பு ட்ரிகரில் கொக்கிபோல மாட்டினால் விரல் மடங்கும்போது ட்ரிகரை வலப்பக்கம் இழுக்கும். குண்டு வலது. கணுப் பகுதியில் உணர்வும் மந்தம். 500 கிராம் ட்ரிகரில் கடைசி சில பத்துக் கிராமை உணர நுனிச் சதைதான் வேண்டும்.

ட்ரிகரைத் தவிர விரல் வேறு எதையும் தொடக் கூடாது. விரலுக்கும் பிடிக்கட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். விரலின் அடிப்பாகம் கட்டையில் உரசினால், விரல் மடங்கும்போது தசை புடைத்துக் கட்டையைத் தள்ளும். ட்ரிகர் நேராகப் போனாலும் பிஸ்டல் நேராக நிற்காது. பவுடர் சோதனையில் அந்த இடத்தைச் செதுக்கச் சொன்னது இதனால்தான்.

எந்த மூட்டில் மடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். அடிக்கணு அசையக் கூடாது. நடு மூட்டு மட்டும் மடங்க வேண்டும். பிஸ்டல் இல்லாமல் பழகலாம்: கையை அரை முட்டியாக மடக்கி, இடது கையால் ஆள்காட்டி விரலின் அடிக்கணுவைப் பிடித்துக்கொண்டு, நடு மூட்டை மட்டும் மடக்கி விரியுங்கள். முதல் நாள் மற்ற மூன்று விரல்களும் கூடவே துடிக்கும். பேருந்தில் போகும்போது தினமும் செய்தால் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும்.

ட்ரிகரை விரலுக்குக் கொண்டுவருவது

விரலை ட்ரிகருக்கு நீட்டாதீர்கள், ட்ரிகரை விரலுக்குக் கொண்டுவாருங்கள். நல்ல போட்டிப் பிஸ்டல்களில் ட்ரிகர் தகடு முன்னும் பின்னும் நகரும், இடவலமாகச் சுழலும், சிலவற்றில் சாயவும் செய்யும். பிடி முற்றிலும் அமைந்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். பிடி மாறினால் இதையும் மறுபடி பார்க்க வேண்டும்.

அளவு பார்க்க ஒரு நண்பரை மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள், அல்லது தலைக்கு மேலே கைபேசியை நிறுத்திப் படம் எடுங்கள். ட்ரிகர் இரண்டு கட்டமாக நகரும்: முதலில் பின்னால் வரும், பிறகு சுவர்போல ஓர் எதிர்ப்பு தட்டும், அதைத் தாண்டினால் உடையும். முதல் கட்டத்தை முழுவதும் இழுத்து, இரண்டாம் கட்டத்தின் சுவரில் விரல் நிற்கும்போது, விரலின் நுனித் துண்டு குழலுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். பலர் ட்ரிகரை இழுக்காத நிலையில் இதை அளந்து சரி என்று விட்டுவிடுவார்கள். சுவர் வரை இழுத்ததும் விரல் மடங்கிக் கோணம் மாறிவிடும். குண்டு போவது சுவரிலிருந்துதான், ஆகவே அங்கேயே அளக்க வேண்டும்.

எடை: ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம். குழலைச் செங்குத்தாக நிறுத்தி, ட்ரிகரின் நடுவில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்கும்போது வெடிக்கக் கூடாது. சரியாக 500இல் வைக்காமல் 515 முதல் 520 வரை வையுங்கள். சோதனை மேசையில் எடைக்கல்லை ஓர் அசைப்பு அசைத்தாலும் தாங்கும். அதற்குள் முதல் கட்டத்துக்கு எவ்வளவு, இரண்டாம் கட்டத்துக்கு எவ்வளவு என்பது உங்கள் விருப்பம். புதியவர்களுக்கு முதல் கட்டம் 350 கிராம் சுற்றி, மீதி இரண்டாவதில் என்று தொடங்குவது நல்லது. பெரும்பகுதி எடையை முதல் கட்டத்திலேயே விரல் சுமந்துவிட்டால், உடைப்பதற்குச் சேர்க்க வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் இரண்டாம் கட்டத்தை மிகவும் மெலிதாக்கினால் சுவர் எங்கே என்றே தெரியாமல் குண்டு போய்விடும். போட்டி நடுக்கத்தில் இது அடிக்கடி நடக்கும்.

உடைந்த பின் ட்ரிகர் எவ்வளவு தூரம் பின்னால் ஓடுகிறது என்பதற்கும் ஒரு நிறுத்தத் திருகு உண்டு. ஓட்டம் நீளமாக இருந்தால் எதிர்ப்பு திடீரென்று அற்று, விரல் பாய்ந்து, பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டலைத் தட்டும். மிகவும் குட்டையாக்கினால் ட்ரிகர் உடையவே உடையாது. உடையாமல் போகும்வரை உள்ளே திருகி, பிறகு கால் சுற்று முதல் அரைச் சுற்று வெளியே எடுங்கள். ஒவ்வொரு திருகையும் தொடும் முன் அதன் பழைய நிலையை எழுதிவையுங்கள்.

அழுத்தும் முறை

பிஸ்டலை அட்டைக்கு மேலே உயர்த்தி, மெல்ல இறக்கி, கறுப்புக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை விட்டு நில்லுங்கள். இறங்கும்போதே முதல் கட்டத்தை இழுத்துவிட வேண்டும். நின்ற பிறகு தொடங்கினால் நேரம் போதாது. பார்வை முன் சைட்டின் மேல் விளிம்பில் கூர்மையாக இருக்கட்டும், கறுப்பு வட்டம் மங்கலாகத்தான் தெரியும். மங்கலாகத் தெரிய வேண்டும்.

இப்போது அழுத்தத்தைச் சேருங்கள், நிறுத்தாமல், ஒரே சீராக. கை ஆடிக்கொண்டுதான் இருக்கும். முன் சைட் நடுவுக்கு வரும் கணத்தில் சட்டென்று பறித்துவிடலாம் என்று விரல் துடிக்கும். அங்கேதான் ஒன்பதும் எட்டும் பிறக்கின்றன. ஆட்டத்தை ஆட்டமாகவே விடுங்கள். ஆடும் எல்லைக்குள் எங்கே உடைந்தாலும், சைட் வரிசை குலையாவிட்டால், அது ஒன்பதுக்குக் கீழே போவது அரிது.

நிலைத்து நின்றதிலிருந்து 5 முதல் 8 விநாடிக்குள் உடைய வேண்டும். 10 விநாடி தாண்டினால் கண்ணும் களைக்கும், மூச்சும் முட்டும். விரலை வெளியே எடுத்து, இறக்கி, மறுபடி தொடங்குங்கள். இறக்கிவைப்பதைத் தோல்வியாக நினைப்பவர்கள் கெட்ட குண்டைச் சுட்டே தீருவார்கள். பயிற்சியில் வேண்டுமென்றே பத்துக்கு இரண்டு முறை இறக்கிப் பழகினால் போட்டியில் கை தயங்காது.

உடைந்ததும் விரலை விடாதீர்கள். ட்ரிகரைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, முன் சைட்டைப் பார்த்துக்கொண்டு, ஒன்றிரண்டு விநாடி நில்லுங்கள். பிஸ்டல் துள்ளிவிட்டுத் தானாக அதே இடத்துக்குத் திரும்பினால் பிடி சரி. வேறு இடத்தில் போய் நின்றால், எந்தப் பக்கம் நின்றதோ அந்தப் பக்கம் ஏதோ ஒரு விரல் வேலை செய்திருக்கிறது.

அட்டை சொல்லும் குறைகள்

ஒரு குண்டை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். பத்துக் குண்டின் குவியலைப் பாருங்கள். கடிகார முகமாக நினைத்தால், வலது கைக்காரருக்கு:

9 மணிப் பக்கம்: விரல் நுனியால் தள்ளுவது, அல்லது ட்ரிகர் தகடு எட்டாத தூரத்தில் இருப்பது.
3 மணி: விரல் அதிகம் உள்ளே போயிருப்பது, அல்லது கட்டைவிரல் அழுத்துவது.
7, 8 மணி: எலுமிச்சைப் பிடி, அல்லது பறித்தல்.
6 மணி: உடையும் முன்பே மணிக்கட்டு தளர்வது. ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டு இருந்தால் தோள் களைப்பு என்று பாருங்கள்.
1, 2 மணி: துள்ளலை எதிர்பார்த்து உள்ளங்கையின் அடியால் முன்னால் தள்ளுவது. ஏர் பிஸ்டலில் குறைவு, பாயின்ட் டூ டூவில் அதிகம்.

குவியல் சிறிதாக, வட்டமாக, ஆனால் ஓரமாக இருந்தால் விரலைக் குறை சொல்லாமல் பின் சைட் திருகைத் திருப்புங்கள். குவியல் பரந்திருந்தால் திருகைத் தொடவே கூடாது.

காரணம் பறித்தலா, பிடியா என்று பிரித்தறிய ஒரு நல்ல சோதனை உண்டு. அட்டையைத் திருப்பிப் போட்டு, வெறும் வெள்ளைப் பக்கத்தில் பத்துக் குண்டு சுடுங்கள். கறுப்பு இல்லாததால் பறிக்கும் ஆசையே எழாது. வெள்ளையில் குவியல் சுருங்கினால் உங்கள் பிடியில் குறை இல்லை, விரல் அவசரப்படுகிறது. சுருங்கவில்லை, அதே பக்கம் தள்ளித்தான் விழுகிறது என்றால் பிடிக்கும் தகட்டுக்கும் திரும்புங்கள்.

வீட்டில் பழகுவது

போட்டிக்கான ஏர் பிஸ்டல்களில் காற்றைச் செலவழிக்காமல் ட்ரிகர் மட்டும் உடையும் ஏற்பாடு இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு வாரத்தில் நான்கு நாள், 20 நிமிடம் போதும். பாயின்ட் டூ டூவில் வெறும் அறையில் அப்படிச் செய்யாதீர்கள். ஊசி அறையின் விளிம்பில் மோதிப் பள்ளம் விழும். அதற்கென விற்கும் போலித் தோட்டா வேண்டும்.

முதல் 5 நிமிடம் ட்ரிகரைத் தொடாமல் பிடித்து நிற்பது மட்டும். அடுத்த 10 நிமிடம் வெள்ளைச் சுவரில், முன் சைட்டைப் பார்த்து உடைப்பது. உடையும் கணத்தில் முன் சைட் பள்ளத்துக்குள் அசைந்ததா? இது ஒன்றுதான் கேள்வி. அசைந்தால் எந்தப் பக்கம் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். கடைசி 5 நிமிடம் சின்னக் கறுப்பு வட்டத்தில். 59.5 மி.மீ. கறுப்புக்கு ஈடாக, 5 மீட்டரில் 30 மி.மீ., 2.5 மீட்டரில் 15 மி.மீ. வட்டம், தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் ஒட்டுங்கள். மின்சாரம் நின்ற மாலைகளிலும் இந்தப் பயிற்சி தடைபட வேண்டியதில்லை, ஒரு பேட்டரி விளக்கைச் சுவர் மேல் திருப்பிவைத்தால் போதும்.

ஒரு மாற்றத்தைச் செய்தால் இரண்டு வாரம் அதையே வைத்துப் பழகுங்கள். தகடு, பிடி, எடை மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நம் ஊர் வெயிலும் குளிரும்

டர்பனில் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் உள்ளங்கை ஈரமாகி, பிடிக்குள் கை வழுக்கிக் கீழே இறங்கும். கை இறங்கினால் விரல் ட்ரிகரை மேல்நோக்கிய கோணத்தில் தொடும். பருத்தித் துண்டு ஒன்று மேசையில் இருக்கட்டும். ஐந்து குண்டுக்கு ஒரு முறை கையையும் பிடியையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து அமர்த்துங்கள். மெருகு பூசாத மரம் ஈரத்தில் சற்று உப்பும். கோடையில் தாங்கி இறுகியதுபோலத் தோன்றினால் தோற்றமில்லை, அளவு உண்மையிலேயே மாறியிருக்கலாம். கடல் காற்றில் திருகுகள் துருப்பிடிக்கும், மாதம் ஒரு முறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் எதிர்மாறு. ஜூன், ஜூலைக் காலைகளில் விரல் நுனி விறைத்து 500 கிராமும் 600 கிராமும் ஒன்றுபோலத் தெரியும். முறை வரும்வரை கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கையைச் சட்டைப் பைக்குள் வையுங்கள். தோல் வறண்டு வெடித்திருந்தால் முதல் நாள் இரவே எண்ணெய் தடவுங்கள், சுடும் காலையில் தடவாதீர்கள்.

தைப்பூசக் காவடி சுமந்தவர்கள் அந்த வாரம் ஆட்டத்தை அளந்து மனம் தளர வேண்டாம். தோள் தசை ஆற நாளாகும். அந்த நாட்களில் ட்ரிகர் பயிற்சியை மட்டும், முன்கையை மேசையில் ஊன்றி, செய்யலாம்.

பெல்லட் ஈயம். பெல்லட்டைப் பொருத்தும் கையாலேயே நாம் சோறு பிசைந்து சாப்பிடுகிறோம். ரேஞ்சு முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் நகக்கண் வரை தேய்த்துக் கழுவிய பிறகுதான் சாப்பாட்டுப் பொட்டலத்தையோ பன்னி சௌவையோ (ரொட்டிக்குள் கறி நிரப்பிய டர்பன் உணவு) தொட வேண்டும். குழந்தைகளுக்கு இதை முதல் நாளே பழக்குங்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடி சுட வருகிறீர்கள் என்றால் இன்னொரு முறை கழுவுங்கள். கறி எண்ணெய் மரப்பிடியில் ஏறினால் செதுக்கிப் பொருத்திய அத்தனை வேலையும் வழுக்கிப்போகும்.

பாயின்ட் டூ டூவுக்கு மாறும்போது

25 மீட்டர் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தது 1000 கிராம். இரட்டிப்பு எடைக்கு நுனிச் சதையின் நடு போதாமல் போகலாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கணுவை நோக்கி நகர்த்துங்கள், அதற்கேற்பத் தகட்டைப் பின்னால் கொண்டுவாருங்கள். பிடி இறுக்கமும் ஒரு படி கூடும். நடுக்கச் சோதனையை அந்தப் பிஸ்டலில் புதிதாகச் செய்து பாருங்கள், ஏர் பிஸ்டலின் அளவை அப்படியே கொண்டுபோக வேண்டாம். துள்ளல் அதிகம் என்பதால் முதல் நூறு குண்டுக்குள் கண் இமைக்கவும் கை முன்னால் தள்ளவும் தொடங்கும். நண்பரிடம் கொடுத்து, பிஸ்டலின் தோட்டாப் பெட்டிக்குள் ஐந்து தோட்டாவுக்கு நடுவே இரண்டு போலித் தோட்டாவை உங்களுக்குத் தெரியாமல் கலந்து போடச் சொல்லுங்கள். போலி வந்த முறை முன் சைட் எந்தப் பக்கம் குதித்தது என்று பார்த்தால், உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.